ஏழு விநாடி

டுலூத்தில், மேட்டிலிருந்து ஏரிக்கு இறங்கும் தெருவில்
சலவைக்கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே
மார்லிஸின் பார்.
பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து எரியாது.
எந்த எழுத்து என்று பந்தயம் கட்டுவோம்,
உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு.

ஐந்து டிவி. ஐந்திலும் ஒரே ஆட்டம்.
சமையலறையில் மட்டும்
மாவும் பிசுக்கும் ஏறிய ரெய்னோவின் ரேடியோ.

ரேடியோவுக்கு ஏழு விநாடி பின்னால்தான் டிவி வரும்.
ஏன் என்று கேட்டால், பனிவண்டி ஓட்டும் வாண்டா
சிந்திய பீரில் விரலை நனைத்து
வானத்துக்கும் பூமிக்கும் கோடு போட்டுக் காட்டுவாள்.
எங்களுக்குப் புரிந்தது இவ்வளவுதான்:
சமையல்காரனுக்கு எல்லாம் முன்பே தெரியும்.

அவன் வாய் திறக்கமாட்டான்.
எண்ணெய் சொல்லிவிடும்.
நம் ஆள் கோல் போடப்போகிறான் என்றால்
ஒரு கூடை கோழிச்சிறகு சடசடவென்று இறங்கும்.
எதிராளி போடப்போகிறான் என்றால்
காட்டரிசி சூப்பின் மூடி திறக்கும்.
தோற்றவனுக்கு மெல்லத் தெம்பிருக்காது என்பது ரெய்னோவின் கணக்கு.
இரண்டும் இல்லாத நேரத்தில் ஃப்ரைஸ்.
கோடி ஸ்டூலில் உட்காரும் லவெர்ன்
திரையைப் பார்ப்பதே கிடையாது,
காதைச் சமையலறைக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.
இதுவரை நாற்பது டாலர் ஜெயித்திருக்கிறார்,
அதையும் இங்கேயே தின்று தீர்த்திருக்கிறார்.

மார்ச்சில் பள்ளிக்கூட ஹாக்கி.
கோல் காப்பவன் சோரன், மார்லிஸின் மகன்.
பதினேழு வயது. சனிக்கிழமை இங்கே தட்டு கழுவுவான்.
டம்ளரைக் கைதவற விட்டதே இல்லை
என்று சொன்னால் அது பொய்.

ஆட்டம் தலைநகரில். அவள் போகவில்லை.
"கடையை யார் திறக்கிறது?" என்றாள்.
விஷயம் அதுவல்ல. நேரில் போனால்
கைகளை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியாது.
இங்கே துடைக்க எப்போதும் ஏதாவது இருக்கிறது.

மூன்றுக்கு மூன்று. கூடுதல் நேரம்.
அதிலும் தீராமல் இன்னொரு கூடுதல் நேரம்.
தின்பதை நிறுத்தியிருந்தோம்.
உருளைக்கிழங்கு உருண்டைகளின் மேல் சீஸ்
ஆறி மெழுகாகிவிட்டது.
மார்லிஸின் கண் இப்போது எந்த டிவியிலும் இல்லை.
தட்டு நீட்டும் ஜன்னலில்,
ரெய்னோவின் முகத்தில்.

அவள் பார்ப்பதை அவன் பார்த்தான்.
முப்பது வருஷம் அடுப்பெதிரில் நின்று சிவந்த முகம்,
எதையும் ஒளித்துவைக்க அதில் இடமில்லை.
கையை நீட்டி
ரேடியோவை அணைத்தான்.

ஏப்ரனோடு வெளியே வந்து
எங்கள் நடுவே நின்றான்.
உயரமானவன். வாண்டாவுக்கு மறைத்தது.
அவள் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துகொண்டாள்.
பிறகு வந்ததெல்லாம்
எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தது.

பக் யாருடைய காலிலோ பட்டது.
சோரன் சரியான பக்கம்தான் விழுந்தான்.
பக் மனம் மாறிவிட்டது.

ஐந்து டிவியிலும் அவன் எழாமல் கிடந்தான்.
மார்லிஸ் துடைத்த இடத்தையே துடைத்தாள்.
யாரோ தொண்டையைச் செருமி, வேண்டாமென்று விட்டார்.

அப்புறம்தான் வாசனை.
எண்ணெயில் மறந்துபோன ஃப்ரைஸ்.
ரெய்னோ தன் அப்பாவின் பாஷையில் ஏதோ சபித்தபடி ஓடினான்.
கூடையோடு குப்பைத் தொட்டிக்குப் போனவனை
லவெர்ன் கைகாட்டி நிறுத்தினார்.
"இங்கே வை."

வைத்தான். தின்றோம்.
கடைவாயெல்லாம் கரி. உப்பு சரியாக இருந்தது.
மார்லிஸ் ஒன்றை எடுத்துப் பாதி கடித்து,
"இதுக்கு நான் காசு வாங்க முடியாது" என்றாள்.
"யார் கொடுக்கிறதாச் சொன்னா?" என்றாள் வாண்டா.
"போய்ப் பையன்கிட்ட பேசு.
பீர் குழாயை நான் பார்த்துக்கறேன்."

சமையலறைக்குள் போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.
போனில் என்ன பேசினாள் என்று
எங்கள் யாருக்கும் கேட்கவில்லை.
லவெர்னுக்குக் கேட்டிருக்கும்.
அவர் ஸ்டூலை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு
டிவி சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.
டயர் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.
இன்னும் கூட்டச் சொன்னார்.